நுரையீரலின் மடைகள்

புணே நகரின் வானவடிப் பகுதியில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி அமைந்திருக்கிறது. இராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தலைமுறைகளாகக் குடியிருந்து வரும் நம்மவர்களுக்கு அக்கல்லூரியின் வாயில் புதியதன்று. 1948ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், டாக்டர் பி. சி. ராய் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, படை மருத்துவத்துக்கென இயங்கிவந்த பல தனி நிலையங்களை ஒன்றுசேர்த்து இக்கல்லூரி உருவாக்கப்பெற்றது. அதே மாதம் 24ஆம் நாள், இங்கிருந்து வெகு தொலைவில், இமயத் தொடர்களுக்கு அப்பால், லடாக்கைச் சேர்ந்த லே நகரில், ஏர் கமடோர் மெஹர் சிங் செலுத்திய டகோட்டா விமானம் முதன்முதலாகத் தரையிறங்கிற்று. ஒரே மாதத்தில் நிகழ்ந்த இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் பின்னாளில் அத்தொடர்பு மிக நெருங்கியதாயிற்று.

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் வணிகர்கள், முற்காலத்தில் கோவேறு கழுதைகளோடு இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தே அவ்வூரை அடைந்தனர். விமானம் வந்தபின், சமவெளியில் காலைச் சிற்றுண்டி அருந்திய ஒருவர் நண்பகலில் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. கால்கள் ஏறாத ஏற்றத்தை உடல் ஏறவேண்டியதாயிற்று. அந்த ஏற்றத்திலே, நோயென்று எதுவும் அறியாத இளம் வீரர்கள் சிலர் இரண்டொரு நாட்களில் மூச்சுத் திணறி மாண்டனர். ஏன் மாண்டனர் என்பதே நாம் ஈண்டு ஆராயப்புகும் வரலாறு. அவ்வரலாறு நம்மைப் போர்முனையிலிருந்து பரிசோதனைச் சாலைக்கும், அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாத சில புரதங்களின் உலகுக்கும் அழைத்துச் செல்லும்.

முதலில் நுரையீரலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். நம் நுரையீரல்களில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே நிற்கும் சுவரின் கனம், மிக மெல்லிய இடங்களில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இந்த வலைக்குள் பாய்கிறது. அவ்வாறு பாயினும் அங்குள்ள அழுத்தம் மிகக் குறைவு. உடலெங்கும் செல்லும் பெருந்தமனியில் சராசரி அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், நுரையீரல் தமனியில் அது சுமார் 15 மட்டுமே. சுவர் மெல்லியது, ஆகவே அழுத்தமும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். இந்த ஒப்பந்தம் நிலைக்கும் வரையில் நாம் நலமாக மூச்சு விடுகிறோம்.

ஆயின் நுரையீரலின் எல்லாப் பகுதிக்கும் எப்போதும் ஒரே அளவில் காற்று செல்வதில்லை. ஓரிடத்தில் சளி அடைத்துக்கொள்ளலாம். மற்றோரிடத்தில் அழற்சி தோன்றலாம். காற்றில்லாத அறையைச் சுற்றி இரத்தம் பாய்ந்தென்ன பயன்? அது வந்த வண்ணமே பிராணவாயு பெறாமல் திரும்பிவிடும். இதற்கு இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. அதனை நம் ஊர் உவமை ஒன்றினால் விளக்கலாம்.

ஏரிப் பாசனமுள்ள தமிழ்நாட்டுக் கிராமங்களில் நீர்பாய்ச்சி என்றொருவர் இருப்பதை நாம் அறிவோம். வாய்க்காலில் வரும் நீர் எல்லார் வயலுக்கும் முறைப்படி செல்லுமாறு பார்ப்பது அவர் கடமை. நடவு நடாத தரிசு வயலின் மடையை அவர் அடைத்துவிடுவார். பயிர் நிற்கும் வயலின் மடையைத் திறந்துவிடுவார். நுரையீரலிலும் இவ்வாறே நிகழ்கிறது. எந்தப் பகுதியில் பிராணவாயு குறைகிறதோ அந்தப் பகுதிக்குச் செல்லும் சிறு தமனிகள் தாமே சுருங்குகின்றன. இரத்தம் நல்ல காற்றுள்ள பகுதிக்குத் திருப்பப்படுகிறது. வியப்பு யாதெனில், உடலின் பிற உறுப்புகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. கை கால்களிலும் மூளையிலும் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும். நுரையீரலில் மட்டும் அவை இறுகுகின்றன. பசித்த வயலுக்கு நீர் பாய்ச்சுவது உடலின் முறை; தரிசு வயலின் மடையை அடைப்பது நுரையீரலின் முறை.

இவ்வுண்மையின் முதற்சாயல் 1894ஆம் ஆண்டிலேயே தென்பட்டது. பிராட்ஃபோர்டு, டீன் என்னும் இரு ஆங்கில ஆராய்ச்சியாளர்கள், மூச்சு தடைப்பட்ட விலங்குகளின் நுரையீரல் தமனியில் அழுத்தம் உயர்வதைக் கண்டனர். ஆனால் அதன் பொருளைத் தெளிவுறச் சொன்னவர்கள் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஊல்ஃப் ஃபான் ஆய்லர், ஜோரான் லில்யெஸ்ட்ராண்டு என்னும் இருவர். 1946இல் அவர்கள் பூனைகளைப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்வதை அளந்தனர். இந்தச் சுருக்கம் ஒரு கோளாறு அன்று, இரத்தத்தைக் காற்றோட்டத்துக்கு ஏற்பப் பங்கிட்டுத் தரும் ஒழுங்கு என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினர். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் ஆந்திரே கூர்நான் முதலியோர், மெல்லிய குழாயை இருதயத்தின் வழியே செலுத்தி, மனிதரிடமும் இதுவே நிகழ்கிறது என்று மெய்ப்பித்தனர். இருதயத்துக்குள் குழாய் செலுத்தும் அம்முறைக்காகவே 1956இல் கூர்நானுக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இதுகாறும் சொன்னது நன்மையின் கதை. இனித் தீமையின் கதைக்கு வருவோம்.

ஆல்ப்ஸ் மலையில், மான்பிளாங் சிகரத்தருகே, 1891ஆம் ஆண்டில் ழாக்கொத்தே என்ற இளம் மருத்துவர் ஒருவர் உயிர் நீத்தார். மலைமீதிருந்த குடிலில் தங்கியிருந்தபோது இருமலும் மூச்சுத் திணறலும் கண்டு இறந்த அவருடைய நுரையீரல்களில் நீர் கோத்திருந்தது. அதனை நிமோனியா வகையைச் சேர்ந்ததென்றே அக்காலத்தார் கருதினர். 1913இல், சிலி நாட்டின் உயர்ந்த மலைச் சுரங்கங்களில் பணிபுரிந்த தாமஸ் ரேவன்ஹில் என்னும் ஆங்கில மருத்துவர், மலைநோயை வகைப்படுத்தி எழுதினார். அவற்றுள் மூச்சுத் திணறி மரணம் நேரும் வகையை இருதயத்தோடு தொடர்புபடுத்தினார். அவர் எழுத்து நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. பெரு நாட்டு மருத்துவர்கள் தம் மலைநகரங்களில் கண்டவற்றை ஸ்பானிய மொழியில் எழுதி வைத்தனர். அவையும் வெளியுலகை எட்டவில்லை. 1960இல்தான், அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்ல்ஸ் ஹூஸ்டன், இது நிமோனியா அன்று, உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்தல் என்று ஆங்கில மருத்துவ உலகுக்கு உரைத்தார்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்நோயில் பெயரிலேயே உயிர் இருக்கிறது. நிமோனியா என்று கொண்டால் மருத்துவர் பெனிசிலின் கொடுத்து, நோயாளியை அதே உயரத்தில் படுக்க வைப்பார். உயரத்தால் வந்த நோய் என்று அறிந்தால் பிராணவாயு கொடுத்துக் கீழே இறக்குவார். முன்னதில் மரணம் நெருங்கும். பின்னதில் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் நோயாளி எழுந்து நடப்பார்.

ஹூஸ்டன் எழுதிய இரண்டாண்டுகளுக்குள், நம் நாட்டுக்கு அந்த அறிவு அவசரமாகத் தேவைப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் புணே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இளநிலை மருத்துவப் படிப்புக்கான பிரிவு தொடங்கப்பெற்றது. அதன்பின் மூன்று மாதம் கழியுமுன், அக்டோபர் 20ஆம் நாள், இமய எல்லையில் சீனப் போர் மூண்டது. வெப்ப நாட்டுச் சமவெளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் விமானத்திலும் லாரிகளிலும் பனிமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உயரத்துக்குப் பழக அவகாசம் இல்லை. போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் எல்லைக் காவல் ஓயவில்லை. பல்லாயிரம் பேர் 3,500 மீட்டர் முதல் 5,500 மீட்டர் வரையுள்ள உயரங்களில் ஆண்டு முழுதும் தங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. உலக வரலாற்றில் அத்தனை பெரிய மனிதக் கூட்டம் அத்தனை விரைவில் அத்தனை உயரத்துக்கு ஏறியது அரிது. படை மருத்துவர்கள் முன் ஒரு புதிய நோய் கூட்டமாக வந்து நின்றது.

அந்த மருத்துவர்கள் போர்க்களத்துக்குரிய வசதிக் குறைவிலும் குறிப்பேடுகளை ஒழுங்காக எழுதி வந்தனர் என்பதை நாம் பெருமையோடு நினைத்தல் வேண்டும். மேஜர் என். டி. மேனன், தாம் கண்ட 101 நோயாளிகளின் வரலாற்றை 1965இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். அதே ஆண்டு, இந்தர் சிங்கும் உடனுழைத்தோரும் லண்டன் இதழான லான்செட்டில் தங்கள் அனுபவத்தை எழுதினர். பின்னர் 1969இல், 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி இந்தர் சிங் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

அவர்கள் வரைந்த நோய்ச் சித்திரம் இதுவே. நோயாளி பெரும்பாலும் உடல் வலிமை மிக்க இளைஞர். உயரத்தை அடைந்த முதல் நாளன்று, இரண்டாம் மூன்றாம் இரவிலே வறட்டு இருமல் தொடங்கும். நடக்கும்போது வந்த இளைப்பு, உட்கார்ந்திருக்கும்போதும் வரும். உதடும் நகமும் நீலம் பாயும். மார்பில் காதை வைத்தால் நீர் குமிழியிடும் ஓசை கேட்கும். முற்றிய நிலையில் இளஞ்சிவப்பு நுரை வாயில் வரும். கடும் உழைப்பும் கடும் குளிரும் நோயை விரைவுபடுத்தும்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது மற்றொரு செய்தி. மலையில் மாதக்கணக்காகப் பழகிய வீரர்கள்கூட, விடுப்பில் சொந்த ஊருக்குச் சென்று சில வாரம் தங்கித் திரும்பியதும் இந்நோய்க்கு ஆளாயினர். மலைக்குப் பழகிய உடல் சமவெளியில் அப்பழக்கத்தை இழந்துவிடுகிறது. ஆனால் வீரனுடைய மனமோ தான் பழகியவன் என்றே நம்பியிருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊருக்குப் போய்த் திரும்புவதன் இனிமையை நன்கறிந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலோ தஞ்சைத் தரணியிலோ பெற்றோருடன் ஒரு மாதம் இருந்துவிட்டு, தனக்குப் பழகிய இடந்தானே என்ற துணிவோடு திரும்பும் வீரன், அத்துணிவினாலேயே மரணத்தின் வாயிற்படியை மிதித்தான் என்பது எத்துணைத் துயரம்! இதை அறிந்தபின், விடுப்பிலிருந்து வருபவரையும் புதியவராகவே கொண்டு, படிப்படியாகப் பழக்கி மேலே அனுப்பவேண்டும் என்ற விதி வலியுறுத்தப்பட்டது.

நோயின் தோற்றம் தெரிந்தது, காரணம் தெரியவேண்டியிருந்தது. நுரையீரலில் நீர் கோத்தல் வழக்கமாக இருதயத்தின் இடப்பக்கம் தளர்வதால் வருவது. பம்பு வேலை செய்யாவிட்டால் நீர் பின்னே தேங்குவது இயல்பு. மலையில் மாண்ட வீரர்களுக்கும் இருதயமே தளர்ந்துவிட்டதோ? இதற்கு விடை காண ஒரே வழி, நோயாளியின் இருதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பது. அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஹெர்பர்ட் ஹல்ட்கிரன் பெரு நாட்டு மலைநகரில் இதனைச் செய்து, 1964இல் முடிவை வெளியிட்டார். நம் நாட்டில், புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும் குழுவினரும், மலைநோயுற்ற வீரர்களிடம் அதே சோதனையைச் செய்து 1969இல் எழுதினர். இரு நாட்டிலும் கிடைத்த விடை ஒன்றே. நுரையீரல் தமனியின் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஆனால் இருதயத்தின் இடப்பக்கத்தைக் காட்டும் அழுத்தம் இயல்பாகவே இருந்தது. இருதயம் குற்றமற்றது. குற்றம் மடையில் இருந்தது.

இங்கே நம் நீர்பாய்ச்சியை மீண்டும் நினைத்துக்கொள்வோம். ஒரு வயல் தரிசாயின் அதன் மடையை அடைப்பது அறிவுடைமை. ஊர் வயல் முழுதும் தரிசாயின்? லே நகரின் காற்றில் பிராணவாயுவின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. 5,500 மீட்டர் உயரத்தில் பாதி. அங்கே நுரையீரலின் எல்லா அறைகளிலும் பிராணவாயு குறைகிறது. பழைய கட்டளையை மறவாத நீர்பாய்ச்சி எல்லா மடைகளையும் அடைக்கத் தொடங்குகிறார். வாய்க்காலில் நீர் ஏறுகிறது. ஆனால் எல்லா மடைகளும் ஒரே சீராக இறுகுவதில்லை. சில நன்கு அடைபடுகின்றன, சில பாதி திறந்தே கிடக்கின்றன. ஏறிய வெள்ளம் முழுதும் திறந்த மடைகளின் வழியே பாய, அங்குள்ள மெல்லிய கரை உடைகிறது. ஹல்ட்கிரன் கூறிய விளக்கம் இதுவே. 1991இல் ஜான் வெஸ்ட் என்னும் விஞ்ஞானி, அழுத்தம் மிகும்போது தந்துகிச் சுவர்களில் நுண்ணிய பிளவுகள் தோன்றுவதை மின்னணு நுண்ணோக்கியால் காட்டினார். இளஞ்சிவப்பு நுரைக்குக் காரணம் அப்பிளவுகளின் வழியே கசியும் இரத்த அணுக்களே.

காரணம் தெளிந்ததும் சிகிச்சையும் தெளிந்தது. தொடக்கத்தில் நம் படை மருத்துவர்கள் சிறுநீரைப் பெருக்கும் மருந்தையும் மார்பியாவையும் பயன்படுத்தினர். இருதயத் தளர்ச்சியை ஒட்டிய அவ்வழி இன்று கைவிடப்பட்டுள்ளது. இறுகிய தமனியைத் தளர்த்துவதே முறை என்று அறியப்பட்டது. பிராணவாயு முதல் மருந்து; கீழே இறங்குதல் முழு மருந்து. இரண்டும் கிட்டாத இடத்தில், நோயாளியை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றும் பையும், நிஃபெடிப்பின் என்னும் மாத்திரையும் உதவுகின்றன. 1991இல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், முன்பு இந்நோய் கண்டவர்களை 4,559 மீட்டர் உயரமுள்ள குடிலுக்கு விரைந்து ஏற்றிச் சோதித்தனர். வெறும் மாத்திரை உண்ட 11 பேரில் 7 பேருக்கு நோய் கண்டது. நிஃபெடிப்பின் உண்ட 10 பேரில் ஒருவருக்கே கண்டது.

இனி எஞ்சியிருப்பது அடிப்படையான வினா. இந்த நீர்பாய்ச்சி யார்? பிராணவாயு குறைந்தது என்பதை அறிந்து, தமனியை இறுக்கும் அந்த அறிவு எங்கே குடிகொண்டிருக்கிறது? நரம்பன்று, ஏனெனில் உடலினின்றும் பிரித்தெடுத்த நுரையீரலும் பிராணவாயு குறைந்தால் தன் தமனிகளைச் சுருக்குகிறது. தனித்தெடுத்த ஒரு தசை அணுவும்கூடச் சுருங்குகிறது. ஆகவே அறிவு அந்த அணுவுக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

1992இல் அமெரிக்காவில் கென்னத் வியர், ஸ்டீபன் ஆர்ச்சர் முதலியோர் ஒரு வழியைக் கண்டனர். தமனித் தசை அணுவின் மேலுறையில் பொட்டாசியம் வெளியேறுவதற்கான வாயிற்புரதங்கள் உள்ளன. பிராணவாயு குறைந்தால் அவ்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் அணுவின் மின்னிலை மாறுகிறது. வேறு வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் புகுந்தால் தசை இறுகும். இவையெல்லாம் சில வினாடிகளில் தொடங்கிவிடுகின்றன. நிஃபெடிப்பின் பயன்படுவதன் இரகசியமும் இதுவே; அது கால்சியத்தின் வாயிலை அடைக்கிறது.

வாயிலை மூடச் சொல்லும் கட்டளை எங்கிருந்து பிறக்கிறது? அணுவின் உலைக்களமான மைட்டோகாண்டிரியாவிலிருந்து என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கொள்கை. பிராணவாயுவை நேரே செலவிடும் இடம் அதுவன்றோ? அங்குள்ள ஒரு நொதியின் நான்காம் கூறு, நுரையீரலில் தனி வடிவம் கொண்டிருக்கிறது. அப்புரதம் இல்லாமல் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளின் நுரையீரல், பிராணவாயு குறைந்தபோதும் உடனே தமனிகளை இறுக்கவில்லை என்று 2017இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். அங்கிருந்து புறப்படும் சைகை யாது என்பதில் இருவேறு பள்ளிகள் வாதிடுகின்றன. வீறுமிக்க பிராணவாயுக் கூறுகள் குறைவதே சைகை என்பர் ஒரு சாரார். கூடுவதே சைகை என்பர் மறுசாரார். நீர்பாய்ச்சியின் வீடு தெரிந்துவிட்டது. அவர் குரல் எத்தகையது என்பதில்தான் வழக்கு.

இது வினாடிகளின் கதை. நாள்களும் வாரங்களும் நீளும் குறைவுக்கு வேறொரு புரதக் குடும்பம் உண்டு. 1992இல் கிரெக் செமன்சா கண்டறிந்த ஹிஃப் என்னும் புரதம், பிராணவாயுக் குறைவில் பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பிராணவாயு போதிய அளவு இருக்கும்போது, சில நொதிகள் அப்பிராணவாயுவையே கொண்டு ஹிஃப் மீது ஓர் அடையாளம் இடுகின்றன. அடையாளம் பெற்றது அழிக்கப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் அடையாளம் இடப்படுவதில்லை. ஹிஃப் உயிர்த்திருந்து தன் வேலையைத் தொடங்குகிறது. வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப் என்போர் 2001இல் இதனைத் தெளிவாக்கினர். செமன்சாவுக்கும் இவ்விருவருக்கும் 2019இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஹிஃப் தூண்டும் பொருள்களுள் தமனியை இறுக்கும் எண்டோதீலின் ஒன்று. நெடுநாள் பிராணவாயு குறைந்தால் நுரையீரல் தமனியின் சுவர் தடித்துப்போவதிலும் ஹிஃபுக்குப் பங்குண்டு.

ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் திபெத்திய மேட்டுநிலத்தில் வாழும் மக்களின் நுரையீரல் தமனி, பிராணவாயு குறைந்தபோதும் அதிகம் இறுகுவதில்லை என்று 1993இல் அறியப்பட்டது. 2010இல் அவர்கள் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஹிஃப் வகையொன்றை ஆக்கும் மரபணுவும், அதற்கு அடையாளமிடும் நொதியின் மரபணுவும் அவர்களிடம் மாறியிருப்பது தெரியவந்தது. எல்லா வயலும் தரிசாயிருக்கும் நாட்டில் மடையை அடைப்பது வீண் என்பதை அவர்கள் நீர்பாய்ச்சி தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டார் போலும்!

அவ்வாறாயின் இந்த இறுக்கம் நமக்கு வேண்டாத ஒன்றா? அன்று. தாயின் வயிற்றில் குழவியின் நுரையீரல் நீர் நிறைந்து கிடக்கிறது. அப்போது அதன் தமனிகள் இறுகியிருப்பதால் சிறு பங்கு இரத்தமே அங்கே செல்கிறது. பிறந்து முதல் மூச்சு வாங்கியதும் பிராணவாயு பட்டுத் தமனிகள் விரிகின்றன. மார்பு அறுவையில் மருத்துவர் ஒரு பக்க நுரையீரலின் காற்றை நிறுத்தும்போது, அப்பக்கம் இரத்தம் வீணே பாயாமல் காப்பதும் இதே இறுக்கந்தான். நிமோனியா கண்டவரைக் காப்பதும் இதுவே. ஆனால் புகையாலும் நாட்பட்ட நோயாலும் நுரையீரல் முழுதும் கெட்டவரிடம், அதே இறுக்கம் இருதயத்தின் வலப்பக்கத்தைச் சோர்வுறச் செய்கிறது. ஓரிடத்து நன்மைக்காக அமைந்த ஏற்பாடு, எல்லா இடத்தும் ஒருங்கே செயற்படும்போது தீமையாகிறது. இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவே.

இப்பாடத்தை வீரர்கள் தம் உயிரால் எழுதினர். அதன் பயன் இன்று படைத்துறை விதியாக நிற்கிறது. 9,000 அடிக்கு மேல் செல்பவர் முதற்கட்டத்தில் 6 நாட்களும், 12,000 அடியைக் கடப்பவர் அடுத்த கட்டத்தில் 4 நாட்களும், 15,000 அடியைக் கடப்பவர் மேலும் 4 நாட்களும் தங்கிப் பழகவேண்டும். நீலகிரி வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் படைப்பிரிவின் வீரர்களும் இவ்விதியைப் பின்பற்றியே சியாச்சின் பனிவெளிக்கு ஏறுகின்றனர். அவர்களைக் கண்காணிக்கும் மருத்துவர் பலர் புணே வானவடியில் பயின்றவர்கள்.

நம்மிலும் பலர் இன்று விடுமுறைக்கு லே நகருக்கு விமானத்தில் பறக்கிறோம். கயிலை யாத்திரையும் அமர்நாத் யாத்திரையும் மேற்கொள்கிறோம். புணே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர். சிங்ககட் கோட்டை ஏறக்குறைய 1,300 மீட்டர். ஞாயிறுதோறும் அக்கோட்டையில் இளைப்பின்றி ஏறுகிறோம் என்பது லே நகரில் நமக்குக் காப்பாகாது. வலிமை வேறு, பழக்கம் வேறு. லே சென்றால் முதலிரு நாள் ஓய்ந்திருத்தல் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் ஏறுதல் வேண்டும்; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்குதல் வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இளைத்தால், அதைச் சளியென்றும் களைப்பென்றும் தள்ளாமல், இரவாயினும் கீழே இறங்குதல் வேண்டும்.

வானவடிச் சாலையில் செல்லும்போது, சீருடை அணிந்த இளம் மருத்துவ மாணவர்களை நாம் காண்கிறோம். அவர்களில் சிலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதோ ஒரு பனிமுகாமில், நள்ளிரவில், விடுப்பு முடிந்து திரும்பிய ஒரு வீரனின் மார்பில் காது வைத்துக் கேட்பார்கள். அவன் நம் ஊர்ப்பிள்ளையாகவும் இருக்கலாம். குமிழியிடும் அந்த ஓசையை நிமோனியா என்று கொள்ளாமல், உடனே பிராணவாயு கொடுத்து அவனைக் கீழே அனுப்பும் தெளிவு அவர்களிடம் இருக்கும். அத்தெளிவுக்குப் பின்னே, அறுபதாண்டுகளுக்கு முன் மலையில் மாண்ட வீரர்களும், அவர்களுடைய இறுதி மூச்சைக் குறிப்பேட்டில் பொறுமையோடு எழுதி வைத்த மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறவாதிருப்போமாக.